பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட தமிழ்

எங்கள் ஊரில் பாஸ்கெட்பால் நன்றாக ஆடும் பள்ளிக்கூடப் பெண்ணைக் கல்லூரிக்குப் பிடிக்க வருகிறவர்கள், பெண் பார்க்க வருகிற மாதிரியேதான் வருவார்கள். கோச் வருவார். கூடவே அந்தக் கல்லூரியில் ஆடுகிற ஒரு சீனியர் பெண்ணையும் கூட்டி வருவார், முடிந்தால் அந்த வீட்டுப் பாஷை பேசுகிறவளாகப் பார்த்து. சீனியருக்கு ஒரே வேலை. அம்மா எதைக் கேட்டாலும் “ஒண்ணும் பயமில்ல ஆன்ட்டி, நாங்கல்லாம் இருக்கோம்” என்று சொல்ல வேண்டும். காபி குடிப்பார்கள், முறுக்கு தின்பார்கள், பெண்ணின் அப்பா என்ன உயரம், அம்மா என்ன உயரம் என்று கண்ணாலேயே அளப்பார்கள். வரதட்சணை கேட்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிக்கொண்டு போவார்கள். படிப்பு முடிகிறவரை அவை கல்லூரி பீரோவில் பூட்டிக் கிடக்கும். நடுவில் கோபித்துக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போக முடியாது.

என் வீட்டுக்கு அவர்கள் வந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தேன். இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் வீடு ஹைதராபாத்தை ஒட்டிய சிகந்திராபாத்தில், திருமுல்கேரியில். வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்தவர் என் அப்பாவின் தாத்தா. அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் போகவில்லை. அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் கிளார்க். பக்கத்து வீட்டிலும் தமிழர்கள்தான், கிறிஸ்தவர்கள். அந்த வீட்டுப் பெண் என் வயது, என்னைப்போல ஒன்றரை மடங்கு உயரம். நெட்டை என்றுதான் கூப்பிடுவேன். ராணுவக் குடியிருப்புக்குள் ஒரு சிமென்ட் கோர்ட் இருந்தது. காவலுக்கு நின்றவர்கள் எங்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்கள் என்பதால் விட்டுவிடுவார்கள். நான் குள்ளம், வேகம். பந்தைக் கொண்டுபோகிற கார்டு வேலை எனக்கு. போர்டுக்குக் கீழே நிற்கிற வேலை நெட்டைக்கு.

பள்ளி அணியில் மற்ற எல்லோரும் தெலுங்கும் இந்தியும் பேசுகிறவர்கள். நாங்கள் இருவர் மட்டும் கோர்ட்டில் தமிழில் கத்துவோம். அது திட்டம் போட்டுச் செய்ததில்லை. வேகமாக ஓடும்போது வீட்டுப் பேச்சுதான் வாயில் வரும். “உள்ளே வா”, “பின்னாடி போ”, “சும்மா காட்டு, போடாத”, “அந்த குண்டு மூச்சு வாங்குது, அவ மேலயே ஓடு.” எதிர் அணிக்கு ஒன்றும் புரியாது. நாங்கள் எங்கே பந்தைப் போடப்போகிறோம் என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, சொன்ன இடத்திலேயே போடுவோம். அவர்கள் முழித்துக்கொண்டு நிற்பார்கள். பள்ளிகளுக்கான கடைசிப் போட்டியை அப்படித்தான் ஜெயித்தோம்.

அந்தப் போட்டியைப் பார்க்க வந்திருந்தவர்தான் கோச். மறு வாரமே வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு பெண்களையும் ஒரே இடத்தில் பேசி முடிக்கலாம் என்று நெட்டையின் அப்பா அம்மாவையும் எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னார். நெட்டையைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு ஆசை. நல்ல உயரமுள்ள பெண் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து, “நீ சொன்னால்தான் அவள் நகர்கிறாள், அதனால் நீயும் வேண்டும்” என்று தெலுங்கில் சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மண்டு நான்.

கோர்ட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் இவர்கள் என்று கேட்டார். தமிழ்தான் என்றாள் அம்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம். வந்தவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தெலுங்கில் இன்னொன்றும் சொன்னாள். எங்கள் தமிழ் வேலூரில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்களுக்கே புரியாது சார், இவள் அங்கே போய் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்று பேசினால் அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள் என்றாள். எல்லோரும் சிரித்தோம். கோச் மட்டும் சிரித்துவிட்டு, அதைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டார்.

“முதல் வருஷத்திலிருந்தே நீ முதல் ஐந்து பேரில் ஒருத்தி. பந்து உன் கையில்தான்” என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். கூட வந்த சீனியர் தலையாட்டினாள். அவள் முறுக்கைத் தொடவே இல்லை. அவள் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் ஏதாவது புரிந்திருக்கும். யார் பார்த்தார்கள்!

அவர்கள் போன பிறகு அம்மா கேட்டாள், “அந்தாளு இன்னாடி, நெட்டைய அப்படிப் பாக்குறாரு, உன்ன சும்மா பாக்குறாரு?” அம்மாவுக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

முதல் வருஷம் கோச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பந்து என் கையில்தான் இருந்தது. அதோடு அவர் ஒரு காரியம் செய்தார். அணியில் இருந்த தெலுங்குப் பெண்களையும் தமிழ் கற்றுக்கொள்ளச் சொன்னார். உள்ளே, வெளியே, பின்னாடி, மூலை, நில்லு, காட்டு. இவ்வளவுதான். வாத்தியார் நான். மாலையில் பயிற்சி முடிந்ததும் அவர்களைச் சுற்றி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். ‘உல்லே’ என்பார்கள், ‘வெலியே’ என்பார்கள், விழுந்து விழுந்து சிரிப்போம். என் வாழ்க்கையில் தமிழுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் அம்மாவோடு தமிழில் பேசினாலே தமிழுக்குத் தெலுங்கில் இருக்கிற கேலிப் பெயரைச் சொல்லி ‘அரவம்’ என்று சாடை பேசுகிற ஊர் இது.

ஊரில் இருந்த கல்லூரிகளையெல்லாம் வரிசையாகத் தோற்கடித்தோம். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து கேட்டபோது கோச் “இட்ஸ் மை சிஸ்டம்” என்றார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் அம்மா சமையலறையில் பேசுகிற பேச்சு இவருடைய சிஸ்டமாம். அப்போது சிரித்துக்கொண்டேதான் நின்றேன், ஜெயித்த மப்பில்.

இரண்டாம் வருஷம் தெற்கு மாநிலக் கல்லூரிகளுக்கான போட்டிக்குக் கர்நாடகத்தில் ஒரு ஊருக்குப் போனோம். எங்களுக்கு விழுந்த முதல் ஆட்டமே சென்னைக் கல்லூரியோடு. அட்டவணையைப் பார்த்ததும் நெட்டையைக் கூட்டிக்கொண்டு கோச்சிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சார், அவர்கள் தமிழர்கள், நாம் கத்துவது எல்லாம் அவர்களுக்குப் புரியும், தெலுங்குக்கு மாற்றிவிடலாம், தெலுங்குதான் அவர்களுக்குப் புரியாது.

இதைவிட எளிதாக ஒருவருக்கு எப்படிச் சொல்வது? அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னார், “மீதி ஹைதராபாத் அரவம் கதம்மா. வாள்ளகி அர்த்தம் காதுலே.” உங்களுடையது ஹைதராபாத் தமிழ், அவர்களுக்குப் புரியாது. “மீ அம்மகாரே செப்பாரு”, உன் அம்மாவே சொன்னாரே என்று சாட்சிக்கு என் அம்மாவையே இழுத்தார். விருந்தாளியைச் சிரிக்க வைக்க அம்மா சொன்ன வேடிக்கையை அந்த மனுஷன் வேதவாக்காக எடுத்து வைத்திருக்கிறார். அது விளையாட்டுக்குச் சொன்னது சார் என்றேன். நேற்று வந்த பெண் எனக்குச் சொல்லித்தருகிறாயா என்கிற மாதிரி பார்த்தார். சிஸ்டத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆட்டம் ஆரம்பித்தது. நான் பந்தைத் தட்டிக்கொண்டு போய் “பின்னாடி போ” என்றேன். நெட்டை பின்னால் போவதற்கு முன்பே அங்கே ஒரு சென்னைப் பெண் நின்றாள். “மூலை” என்றேன். மூலையில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். “சும்மா காட்டு” என்றால் அவர்களில் யாரும் தடுக்க எம்பவே இல்லை. அவர்களுடைய கேப்டன், என்னை மாதிரியே குள்ளமான கார்டு, என் முன்னால் கைகளை விரித்து நின்றுகொண்டு, “அக்கா, நல்லா கேக்குது. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்றாள். வெறுப்பாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே சிரிப்பு தாங்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

நான் தெலுங்குக்கு மாறினேன். ‘உள்ளே’ என்பதற்கு ‘லோபலிகி’ என்று கத்தினேன். உடனே எங்கள் பந்து கூடைக்குள் போனது. அவ்வளவு சுலபம்! ஆனால் ஓரத்திலிருந்து கோச், “தமிழ்! தமிழ்!” என்று தொண்டை கிழியக் கத்தினார். ஹைதராபாத் கல்லூரியின் தெலுங்குக் கோச் சென்னைப் பெண்களுக்கு எதிராகத் ‘தமிழ் தமிழ்’ என்று கத்துவதைப் பார்த்து அரங்கமே சிரித்தது. நான் மறுபடியும் தெலுங்கில் சொன்னேன். என்னை வெளியே எடுத்துவிட்டார். எனக்குப் பதிலாக இறங்கியவள் ‘உல்லே, வெலியே’ என்று அவர் சொன்னபடியே கத்தினாள். சென்னைக்காரிகளுக்கு அதுவும் புரிந்தது. அன்றைக்கு நாங்கள் தோற்ற மாதிரி யாரும் தோற்றிருக்க மாட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அந்தக் கேப்டன் தண்ணீர் பாட்டிலோடு என்னிடம் வந்தாள்.

“நீங்க தமிழாக்கா?”

“ஹவ்” என்றேன். பழக்கம்.

அவள் கண்ணைச் சுருக்கினாள். “எந்த ஊரு?”

“சிகந்திராபாத்.”

“அது இல்லக்கா. சொந்த ஊரு?”

அதுதான்டி சொந்த ஊரு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. தோற்ற எரிச்சல் வேறு. ஆனால் அவள் நல்லவள்தான். “நீங்க ‘பின்னாடி’ன்னு கத்தினப்ப எங்களால நம்பவே முடியலக்கா, எங்களை ஏமாத்தறீங்களோன்னுகூட நெனச்சோம்” என்று அவள் சொன்னதும் என்னை மீறிச் சிரித்துவிட்டேன். இருவரும் சேர்ந்து சிரித்தோம். அதைக் கோச் பார்த்துவிட்டார்.

திரும்பி வருகிற ரயிலில், மொத்த அணியும் உட்கார்ந்திருக்க, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார், “மீ வாள்ளகி முந்தே செப்பேசாவா?” உன் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாயா?

உன் ஆட்கள். என் அப்பா பிறந்தது சிகந்திராபாத், அவருடைய அப்பா பிறந்தது சிகந்திராபாத். எனக்கு வேலூரில் பஸ் ஏறி இறங்கக்கூடத் தெரியாது. சென்னையை நான் பார்த்தது ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்தின் உள்பக்கத்தை மட்டும். நான்தான் அவரை எச்சரித்தேன். நான்தான் தெலுங்குக்கு மாறினேன். அவருடைய முட்டாள்தனத்துக்கு நான் துரோகி.  கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது.

நெட்டை எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் கோச்சிடம் ஓடியபோது கூடவே வந்து நின்றவள் அவள். எல்லாம் கேட்டவள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேர்ந்த பிறகு கேட்டேன், ஏன்டி வாயைத் திறக்கவில்லை என்று. “நான் பேசியிருந்தா என்னையும் உக்கார வெச்சிருப்பாருடி” என்றாள். உண்மைதான். உண்மை என்பதால்தான் அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன் பிறகு நான் பெஞ்சுக்குப் போனேன். பயிற்சிக்கு வர வேண்டும், பந்து பொறுக்கிப் போட வேண்டும், பஸ்ஸில் ஏற வேண்டும், ஆட மட்டும் கூடாது. சிஸ்டம் அப்படியே இருந்தது. எனக்குப் பதிலாக ஆடியவள் நான் சொல்லிக்கொடுத்த ‘உல்லே’, ‘வெலியே’யைக் கத்திக் கத்தி ஊருக்குள் எல்லா ஆட்டமும் ஜெயித்தாள். ஆட்டத்துக்கு ஆட்டம் அதை நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். என் வீட்டுப் பேச்சு அங்கே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, நான் துண்டைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். காதைப் பொத்திக்கொள்ளலாம்போல் இருக்கும்.

“கைக்குடி, எதுக்குடி அவன் பின்னாடியே சுத்துற? நக்கோன்னு சொல்லிட்டு வந்துடு” என்றாள் அம்மா. எங்கே வருவது? சர்டிபிகேட் பீரோவில். பீரோ சாவி அவர்களிடம். அப்பா ஒருமுறை கல்லூரிக்குப் போய்க் கேட்டுவிட்டு, முகம் கறுத்துத் திரும்பி வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை சொன்னதில்லை.

மூன்றாம் வருஷம், படிப்பு முடிகிற சமயம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வரும் ஒரே போட்டி மிச்சம் இருந்தது. அதில் ஆடினால் எனக்கு ஒரு வழி உண்டு. ஆடாவிட்டால் பந்தைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதுதான். அப்போது கோச் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் பழைய சிரிப்பு. நம் ஊரிலேயே மௌலா அலியில் ஒரு தமிழ் வீடு, அந்த வீட்டுப் பெண் பள்ளியில் பிரமாதமான கார்டு, நீ என்னோடு வந்து அவர்களிடம் தமிழில் நல்ல வார்த்தை நாலு சொல்ல வேண்டும் என்றார். அந்தப் பெண் சேர்ந்துவிட்டால், கடைசிப் போட்டியில் முதல் ஐந்து பேரில் நீ இருப்பாய்.

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பொய் சொல்லத் தயாராகவே போனேன். அவருடைய காரில் உட்கார்ந்து “ஒண்ணும் பயமில்ல ஆன்ட்டி” என்பதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ரயில்வே குடியிருப்பில் சின்ன வீடு. ஜன்னல் வழியாக மலையும் தர்காவும் தெரிந்தன. அப்பா ரயில்வேயில் வேலை. அம்மா காபி கொண்டுவந்தாள், கூடவே தட்டு நிறைய முறுக்கு. அந்தப் பெண் முழங்காலில் பிளாஸ்திரியோடு சோபாவின் கையில் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மா தமிழில் பேசினால் அவள் தெலுங்கில் பதில் சொன்னாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான்.

கோச் “வணக்கம், சாப்ட்டாச்சா” என்று ஆரம்பித்தார். அவர்களுக்கு வாயெல்லாம் பல். எங்கள் கல்லூரியில் தமிழ் சிஸ்டம் இருக்கிறது, நானே உருவாக்கியது என்றார். பிறகு எழுந்து நின்று, கையை நீட்டி, “உல்லே! வெலியே! பின்னாடி!” என்று செய்து காட்டினார். அவர்கள் கைதட்டினார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. முறுக்கைத் தொடாத அந்தச் சீனியரின் முகம் நினைவுக்கு வந்தது. என் தட்டிலும் முறுக்கு அப்படியே இருந்தது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லும்மா. உன் கூடப் பொறந்தவளா இருந்தா அனுப்புவியா?”

“செப்பம்மா, அரவம்லோனே செப்பு” என்றார் கோச், தமிழிலேயே சொல்லு என்று பெருந்தன்மையாக.

நான் சிரித்த முகத்தை மாற்றவில்லை. டீம், பெஞ்ச், சர்டிபிகேட் என்று அவருக்குப் புரிகிற ஒரு சொல்லும் வந்துவிடக் கூடாது. அவை இல்லாமல் எங்கள் தமிழில் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “அனுப்ப மாட்டேன் ஆன்ட்டி. ஜெயிக்கிற வரைக்கும் தூக்கி வெச்சிக்குவாரு. தோத்தா, உன் ஆளுங்ககிட்ட சொல்லிட்டியான்னு கேப்பாரு. அப்புறம் ஓரமா உக்கார வெச்சிடுவாரு. படிச்ச தாளையெல்லாம் வாங்கி வெச்சிக்கினு வேற எங்கயும் போக விட மாட்டாங்க. என்னை அப்படித்தான் வெச்சிருக்காங்க” என்றேன். புகழ்ந்து பேசுகிற குரலிலேயே சொன்னேன். கோச் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்.

அந்த அப்பா அம்மா முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பெரியவர்கள், சமாளித்துக்கொண்டார்கள். அப்பா குனிந்து காபி டம்ளரைப் பார்த்தார். இப்படியே எழுந்து போய்விட்டால், பிறகு அவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லி மறுத்துவிடுவார்கள், என் பேச்சு வெளியே வராது, கடைசிப் போட்டியும் எனக்குக் கிடைத்தாலும் கிடைக்கும். அந்தக் கணக்கும் என் மனதில் ஓடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் சோபாவிலிருந்து இறங்கினாள். நேராகக் கோச்சைப் பார்த்து, சுத்தமான தெலுங்கில் கேட்டாள், “நன்னு கூடா பெஞ்ச் மீத கூசோபெட்தாரா சார்? ஈ அக்க செப்துந்தி.” என்னையும் பெஞ்சில் உட்கார வைப்பீர்களா சார், இந்த அக்கா சொல்கிறாள்.

கோச்சின் தலையாட்டல் நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பினார். “ஏம் செப்பாவு நுவ்வு?” என்றார். என்ன சொன்னாய் நீ?

கோபம் வந்தது. ஆனால் அன்றைக்குப் பேச்சு வந்தது. அவருக்கு ஒரு சொல்கூடத் தப்பிப் போகக் கூடாது என்று, நிறுத்தி நிறுத்தித் தெலுங்கிலேயே சொன்னேன்.

“ஆ ரோஜு நேனு எவரிகீ செப்பலேது சார். ஈ ரோஜு செப்பானு.”

அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை சார். இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.